தூண் நட்ட மாப்பிள்ளைங்க

— அப்போ இந்தப் பள்ளிவாசல்ல இந்தத் தூணும் உங்க ஊர் வேலை இல்லையா, மொஹிரா?

— இல்லை ஷெர்மத். இது கோகந்துக்காரர் நட்டது. மேல பாருங்க, பச்சையும் சிவப்புமா எவ்வளவு பூ எழுதி வச்சிருக்காரு.

— பக்கத்துல ஒண்ணு மொட்டையா நிக்குதே?

— அவரு மலைக்காரர். பட்டையை உரிச்சு நட்டதே பெரிய விஷயம்.

— தொல்லியல் துறைக்காக நாடு பூரா பள்ளிவாசல் அளந்திருக்கேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாணி இருக்கும். இங்க என்னடான்னா ஒரே கூரைக்குக் கீழ ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு ஊர் ஜாடை. எப்படி?

— எல்லாரும் வீட்டோட மாப்பிள்ளைங்க. வெளியூர் ஆம்பளை இங்க பொண்ணு கட்டித் தங்கணும்னா, தன் ஊர்ப் பாணியில தன் கையாலயே ஒரு தூண் நடணும். அப்பத்தான் ஊர்ல சேர்த்துக்குவாங்க.

— பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறவனுக்கு?

— அந்தப் பேச்சே வேண்டாம். அம்மா போனப்புறம் அத்தாவுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?

— அதான் நானே இங்க இருந்துக்கறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேனே. இன்னிக்குப் பதில் சொல்றேன்னாரு.

— உங்க ஊர் கீவாத் தூணுன்னா அடி ஒல்லியா, உடம்பெல்லாம் செதுக்கணுமாமே. உங்களுக்கு ஒழுங்கா காய் நறுக்கவே வராது.

— கத்துக்கறேன். அது கிடக்கட்டும், அந்த மூலையில கோணலா ஒரு செங்கல் தூண் இருக்கே, அது சும்மா முட்டுக் கொடுத்ததுதானே?

— ஏன் கேக்கறீங்க?

— அறிக்கையில எழுதிட்டேன். அரைகுறை ஒட்டுவேலை, இடிச்சிடலாம்னு.

— அடப்பாவி. அது எங்க அத்தா கட்டினது. புகாராக்காரர், செங்கல்தான் வேணும்னு நின்னாரு. பஸ் ஓட்டுறவருக்குக் கொத்துவேலை எங்கேர்ந்து வரும்?

— போச்சு. நிர்வாகக் குழுவுல இருக்காரேன்னு காலையில அறிக்கையை அவர்கிட்டதான் கொடுத்தேன்.

— படிச்சாரா?

— கண்ணாடி போட்டு, திரும்பத் திரும்பப் படிச்சாரு. அப்புறம் மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.

— அதோ வர்றாரு. நீங்க வாயைத் திறக்காதீங்க.

— என்ன, ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கறீங்க?

— அத்தா, உங்களோடதுன்னு தெரியாம எழுதிட்டாரு அத்தா.

— சரியாத்தான் எழுதியிருக்காரு. இடிக்கட்டும்.

— மன்னிச்சுக்கங்க ஐயா, அந்த வரியை இப்பவே அடிச்சிடறேன்.

— அடிக்காதீங்க மாப்பிள்ளை. இங்க வேற இடமே இல்லை, அப்புறம் உங்க தூணை எங்க நடுவீங்க?