ஐந்தாவது வரி

“ஹலோ... ஹலோ, சார், மெதுவா... ஆமா, நான்தான், நேத்து பயிற்சி குடுத்தவதான். கணக்கு சார்தானே? கடைசி வரிசையில... ஆமா ஆமா, குரல் தெரியுது. என்னாச்சு? மூச்சு வாங்காம சொல்லுங்க.”

பயிற்சிக்காரி காலி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உள்ளே கூடத்தில் இன்றைக்கு வந்த ஆசிரியர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று வந்தவர்கள் வேறு நாற்பது பேர். பெரிய துயரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இந்தக் கணக்கு வாத்தியார் அதில் பாதி நாள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

“எந்தப் பொண்ணு?... ஆங், மழையில வீடு இடிஞ்சு தங்கச்சியைப் பறிகுடுத்தாளே, அவளா?... ம்... ம்... எங்க? மேஜைக்கு அடியிலயா? எவ்வளவு நேரமா?... ஒரு பீரியடா! ஐயோ... இல்ல, இல்ல, யாரையும் கூப்பிட்டு இழுக்கச் சொல்லாதீங்க. நீங்க கையைப் பிடிச்சீங்களா?... கடிச்சிட்டாளா. கடிக்கத்தான் செய்வா. மத்த பசங்க?... மைதானத்துக்கு அனுப்பியாச்சா. நல்லது, அதையாவது செஞ்சீங்க.

“சரி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?... எழுந்து நிக்கச் சொன்னீங்க... ம்... எல்லார் முன்னாடியும் அன்னிக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னீங்களா? முடியாதுன்னு தலையை ஆட்டியும் விடலையா? சார்! நேத்து நாள் பூரா நான் கரடியா கத்துனேனே! நீங்க பாட்டுக்கு நல்லாத் தூங்கிட்டுப் போயி... என்னது? தாள்ல இருக்கா? எந்தத் தாள்ல?... நான் குடுத்ததுலயா? அப்படி எழுத எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? படிங்க. படிங்க பாப்போம்... அஞ்சாவது வரி...”

அவளிடமும் ஒரு தாள் இருந்தது. ஐந்தாவது வரியில் விரலை வைத்தாள். ‘நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையை வற்புறுத்த வேண்டும்.’ முந்தாநாள் அவசர அவசரமாக அவளே தட்டியது. ‘டா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டு’ உட்கார்ந்திருந்தது.

“...இருக்கேன் சார். லைன்லதான் இருக்கேன்.”

அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம். விழித்திருந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று பழியை அவர் தலையிலேயே கட்டிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“சார், வேண்டாம்... இல்ல இல்ல, பேச வேண்டாம்னு உங்களைச் சொல்லல. அந்த வார்த்தை. ‘வற்புறுத்த வேண்டாம்.’ அதான் அங்க இருக்கணும். நான் மாத்தி அடிச்சுட்டேன். நீங்க ஒழுங்காத்தான் படிச்சிருக்கீங்க. தப்பு என்னுது... இல்ல சார், என்னுதுதான். கத்துனதை மனசுல வச்சுக்காதீங்க... அக்கா! அக்கா! அந்தத் தாளைக் குடுக்காதீங்க! குடுத்ததையும் திருப்பி வாங்குங்க, ஒண்ணு விடாம!... உங்களை இல்ல சார், இங்க ஆபீஸ் அக்கா. இன்னிக்கு வந்தவங்களுக்கும் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

“சரி, கேளுங்க. வீடு இடிஞ்ச அன்னிக்கு அவளை எங்கிருந்து வெளிய எடுத்தாங்க, தெரியுமா?... கட்டிலுக்கு அடியிலிருந்தா?... இப்ப எங்க இருக்கா?... ஆமா சார். அதேதான். அடியில இருந்ததாலதான் அன்னிக்குப் பொழச்சா. நீங்க போயி வெளிய வா, வெளிய வான்னா எப்படி வருவா?... ம்... சார், அப்புறம் அழலாம். இப்ப கீழ உக்காருங்க... தரையிலதான். சேர்ல உக்காந்தா அவளுக்கு உங்க செருப்பு மட்டும்தான் தெரியும்... முட்டி எனக்கும்தான் வலிக்குது, உக்காருங்க. கொஞ்சம் தள்ளி. வாசலை மறைக்காம... ஆச்சா? இனிமே ஒரு கேள்வியும் கூடாது. ‘நான் இங்கதான் இருக்கேன், நீ எப்ப வேணா வா’ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க... போதும், போதும், ஒரு தடவைன்னேனே! சும்மா உக்கார முடியலையா? திருத்த நோட்டு இருக்கா?... அப்ப திருத்துங்க. போன் பக்கத்துல கிடக்கட்டும். நான் வைக்கல.”

அவள் தாழ்வாரத்தை மூன்று தடவை நடந்து அளந்தாள். கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். கையை உயர்த்தி நிறுத்தினாள். போனில் காகிதம் புரண்டது. பேனா கீறியது. பிறகு அதுவும் நின்றுபோனது.

“சார்?... சார், என்னாச்சு?... பேசினாளா! ரகசியமா சொல்லுங்க, பயந்துடப் போறா. என்ன சொன்னா?... ஏழாவது கணக்கா? தப்பான கணக்குக்கு டிக் போட்டுட்டீங்களாமா? அடியில இருந்துக்கிட்டே பாத்துட்டாளா! நிஜமாவே தப்பா?... அப்ப ஒத்துக்குங்க சார், கௌரவம் பாக்காதீங்க. ‘ஆமாம்மா, தப்புதான்’னு... ம்... சொல்லியாச்சா?... என்ன? எழுந்து நிக்கச் சொன்னதுக்குமா? அதையும் சேத்தே சொல்லிட்டீங்களா...”

அவள் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். இதை யாரும் எந்த வரியிலும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

“...ஆங், கேக்குது. என்ன வேணுமாம்?... சிவப்புப் பேனாவா? குடுங்க, குடுங்க. ஏழாவதை அவளே அடிக்கட்டும்... வெளிய வந்தாளா?... கை மட்டும்தானா. கை போதும் சார். இன்னிக்குக் கை வந்தாப் போதும்... போனை வைக்கச் சொல்றாளா? அப்ப வைங்க, முதல்ல வைங்க சார், வை—”

லைன் நின்றுவிட்டது.

மறுபடி கூப்பிட விரல் துடித்தது. கூப்பிடவில்லை. நேற்றைய வருகைப் பட்டியலை உருவினாள். கணக்கு சாரைக் கழித்தால் முப்பத்தொன்பது எண்கள். எல்லாப் பள்ளிகளிலும் இந்நேரம் அடுத்த பீரியட் தொடங்கியிருக்கும்.

“ஹலோ... டீச்சர், நேத்து பயிற்சியில பேசினவ. கிளாஸ்ல இருக்கீங்களா? யாரையும் எழுப்பி நிக்க வச்சிருக்கீங்களா?... இல்லையா? அப்பாடா. நேத்து குடுத்த தாளை எடுங்க... அஞ்சாவது வரி... ஆமா, அதேதான். பேனா இருக்கா?”