இஞ்சித் துண்டின் அடியில் எழுந்த கொப்புளம்: லுவோ யின்ஷுவாங் அக்காவுக்கு

மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் மகளிரின் வலியைத் தன் வலியாய் வாங்கிக்கொண்ட வண்மையே! அனலின் அளவறிந்த அன்புக் கரமே! முப்பத்தோராண்டுகள் இம்மாவட்டச் சீன மருத்துவமனையின் வெளிச்சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்து இன்று ஓய்வுபெறும் செவிலியர் லுவோ யின்ஷுவாங் அக்காவே! வணக்கம் சொல்ல எழுந்தோம். வெட்கம் வந்து முன்னே நிற்கிறது.

உங்கள் கைப்பக்குவம் கண்டவர்கள் நாங்கள். காதுமடலில் கடுகளவு விதையை ஒட்டி, எங்கே அழுத்தினால் வலி அடங்கும் என்பதை விரல்நுனியால் அறிந்தீர்கள். கல்லுப்பை வறுத்து மூட்டை கட்டி, உங்கள் முழங்கையில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்தவர் அடிவயிற்றில் வைத்தீர்கள். மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பே வைத்தியம் தொடங்க வேண்டும் என்பதால், ஒவ்வொருத்தியின் தேதியையும் நினைவில் வைத்துத் தொலைபேசியில் அழைத்தீர்கள்: "ஏம்மா, வலி வந்தப்புறம் ஓடி வர்றதா? நாளைக்கே வந்து படு!" திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

இத்தனையும் பாடிவிட்டு ஒன்றை மறைத்தால் இது பொய்மடல்.

ஆறாண்டுகளுக்கு முன், புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள். நூற்பாலைத் தொழிலாளி பெங் சியூ மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தார். தொப்புளுக்குக் கீழே இஞ்சித் துண்டு, அதன்மேல் புகையும் மாசிபத்திரி மூலிகை உருண்டை. அருகில் நின்றவர் இம்மடலை எழுதும் மருத்துவர் கே வெய்ஷான். அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் எங்கள் கைப்பேசிக் குழுவில் புத்தாண்டுப் பணப்பரிசான சிவப்பு உறைகளை அனுப்பினார். முந்தித் தொட்டவருக்குத்தான் காசு! பிரிவில் இருந்த நாங்கள் எழுவரும் திரையில் மூழ்கினோம்.

"டாக்டர், ரொம்பச் சுடுதுங்க" என்றார் பெங் சியூ.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. சூடு ஏறினாத்தான் உள்ள இருக்கிற குளிர் இறங்கும்" என்றார் வெய்ஷான், தலையைத் தூக்காமலே.

உப்பு வறுத்துக்கொண்டிருந்த நீங்கள் ஓடிவந்து இஞ்சியைத் தட்டிவிடுவதற்குள் கொப்புளம் எழும்பிவிட்டது.

விசாரணையில், கட்டில் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அன்றைய பணிப் பலகையில் உங்கள் பெயர் இருந்தது. "கட்டில் என் பேர்லதான் இருந்துச்சு" என்றீர்கள். மிச்சத்தை நாங்கள் சொல்வோம் என்று எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீ! உங்கள் பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. வரவிருந்த தலைமைச் செவிலியர் பதவி தட்டிப்போனது. மாசிபத்திரிச் சூடு வைக்கும் பணியிலிருந்து விலக்கினார்கள். ஆறாண்டு உப்பு மூட்டைகளோடு மட்டும் நின்றீர்கள். எதற்கும் வாய்க்கு வாய் பேசும் நீங்கள் இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இன்று காலை எழுவரும் கையொப்பமிட்டு, நடந்ததை இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தோம். அந்தச் சொல்லை உங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கி, உரிய பெயர்களுக்கு நேரே எழுதுமாறு வேண்டியிருக்கிறோம். பிந்தி வந்த நேர்மைக்குப் பெருமை ஏது! போன பதவியைத் திருப்பித் தர எங்களால் ஆகாது.

நேற்று பெங் சியூவின் வீட்டுக்கும் போனோம். தவறு உங்களுடையதன்று என்று வாசலில் நின்று தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத எனக்கே வந்து சொல்றீங்களா? படுத்திருந்தது நான்தானே! அந்த அக்கா பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? உங்க ஆஸ்பத்திரில யாரு என்னைக் கேட்டீங்க?"

ஒருவரும் கேட்கவில்லை, அக்கா. கேட்டால் சொல்லிவிடுவார் என்று எங்களுக்குத் தெரியும்.

வாழ்த்தும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். எங்களை மன்னிக்காமலே வாழ்ந்தாலும் சரி.

தலைகுனிந்து நிற்கும்
கே வெய்ஷான் முதலான
வெளிச்சிகிச்சைப் பிரிவினர் எழுவர்