எறும்பு மொய்க்காத கோலம்

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் நம் தெரு நலச் சங்கத் தலைவர் லக்ஷ்மணன் ஐயா அவர்களே, கோலங்களைக் கண்டு மதிப்பெண் வழங்கத் திருவரங்கத்திலிருந்து எழுந்தருளிய ரங்கநாயகி அம்மாள் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோரே, மார்கழிப் பனியிலும் மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த தாய்மாரே, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஷிப்ட் முடித்துக் களைப்போடு வந்திருக்கும் தோழர்களே, பாலக்கரைப் பெருமக்களே, உங்கள் உமாமகேஸ்வரியின் பணிவான வணக்கம்.

முதற்பரிசை வாங்குமுன் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் தலைவர். பேசுகிறேன். கேட்ட பிறகு பரிசைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

'வாசல் வைத்தியர்' என்று எனக்குப் பட்டம் கொடுத்தது இந்தத் தெரு. படிக்கட்டில் பாசியா, உமாவைக் கேள். இரும்புக் கேட்டில் துருவா, உமாவைக் கேள். கல்லிடுக்கில் களையா, அதற்கும் உமா. புளியைக் கரைத்துத் தேய்க்கச் சொன்னேன், துரு போனது. கொதிக்கும் கஞ்சியை ஊற்றச் சொன்னேன், களை கருகியது. பிச்சமுத்து அண்ணன் வீட்டு நிலைப்படியில் கரையானுக்கு வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னேன். கரையானும் வரவில்லை, ஒரு வாரம் விருந்தாளியும் வரவில்லை. சிரியுங்கள் அண்ணே, சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

எறும்புக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. போட்டியில் கல்மாவு கூடாது, பச்சரிசி மாவு மட்டும்தான் என்பது விதி. ஆறு மணிக்கு இழுத்த கோடு, எட்டு மணிக்கு நடுவர் வருவதற்குள் எறும்பு இழுத்துப்போய் அங்கங்கே அறுந்து கிடக்கும். இரண்டு ஆண்டுகள் அதனால்தான் இரண்டாம் பரிசு. இந்த ஆண்டு நானும் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தேன். கடையில் எறும்புப் பொடி வாங்கினேன். மாவும் வெள்ளை, பொடியும் வெள்ளை. கலந்தேன்.

என்ன கலந்தாய் என்று கேட்கிறார் ஒரு தாய். உங்கள் காதில் சரியாகத்தான் விழுந்தது, அம்மா. எறும்புப் பொடி.

போன ஞாயிற்றுக்கிழமை, போட்டியன்று காலை, வாசல் நிறையத் தாமரைக் கோலம் விரித்தேன். எதிர்வீட்டு ருக்ஸார் தன் பத்து மாதக் குழந்தை நஸ்ரினைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாள். கண் சிமிட்டுவதற்குள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய குழந்தை, தாமரை நடுவே போய் உட்கார்ந்தது. மாவை அள்ளியது. விரலை வாயில் வைத்துச் சப்பியது.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண் முதலில் எங்கே போனது தெரியுமா? குழந்தையின் வாய்க்குப் போகவில்லை. கலைந்துபோன இதழுக்குப் போனது. "சீக்கிரம் தூக்கும்மா, கோலம் கலையுது" என்றேன். அவள் தூக்கிக்கொண்டு போனதும் இன்னொரு பிடி அதே மாவை எடுத்து அந்த இதழைச் சரிசெய்தேன். இந்தக் கைதான் செய்தது.

அரை மணி நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. வாயில் எச்சில் வழிந்தது, கழுத்து துவண்டது. ருக்ஸாரின் கணவர் வெளியூர். நான்தான் ஆட்டோவில் கூடப் போனேன்.

"என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார் மருத்துவர்.

"கோலமாவு டாக்டர். வெறும் பச்சரிசி மாவுதான்" என்றாள் ருக்ஸார்.

நான் பக்கத்தில் நிற்கிறேன். பேசவில்லை.

"மாவுல வேற ஏதாவது கலந்திருக்குமா?"

"இல்லைங்க. அக்கா வீட்டு மாவு, சுத்தமா இருக்கும்" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதும் பேசவில்லை. ஏன்? பயமா? பட்டம் போய்விடும் என்ற பதைப்பா? பெற்றவள் பரிதவிக்கும்போது பரிசைப் பற்றியா நினைத்தேன்? ஒரு வாரமாக என்னையே கேட்கிறேன். இந்த நெஞ்சு இவ்வளவு கல்லாக இருக்கும் என்று நான் அதுவரை அறியவில்லை. மருத்துவர் வேறெதற்கோ மருந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"டாக்டர், அதுல எறும்புப் பொடி கலந்திருக்கேன்."

ருக்ஸார் என் கையை விட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை மட்டும் விட்டாள்.

குழந்தை பிழைத்துவிட்டது. பெருமூச்சு விடுகிறீர்கள், நல்லது. இரண்டு நாள் ஊசியும் மருந்துமாகக் கிடந்து, இப்போது வீட்டில் தவழ்கிறது. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் நின்ற அதே எட்டு மணிக்கு நடுவர் என் வாசலைப் பார்த்திருக்கிறார். "நேக்கு ஒரு எறும்புகூடக் கண்ணுல படலையே, என்ன சுத்தம்" என்று சற்றுமுன் இதே மேடையில் புகழ்ந்தார் ரங்கநாயகி அம்மாள். அம்மா, நீங்கள் புகழ்ந்தது சுத்தத்தை அல்ல. அந்த வாசலில் எறும்புகூட உயிரோடு நடக்க முடியவில்லை.

அரிசி மாவில் ஏன் கோலம் போடுகிறோம்? எறும்பு தின்னட்டும், குருவி கொத்தட்டும் என்றுதானே? விருந்தென்று விரித்தேன், விஷத்தை விரித்தேன். வாசலை அலங்கரித்தேன், வந்த குழந்தையை வதைத்தேன். தாய்மாரே, பாசிக்கோ பூச்சிக்கோ எதைக் கலந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கலந்துகொள்ளுங்கள். சொல்லக் கூசும் மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

தலைவர் அவர்களே, பரிசு வேண்டாம். பட்டமும் வேண்டாம். குழந்தைக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் ருக்ஸார் இந்தத் தெருவுக்குச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்ல வேண்டியதாயிற்று. இன்று காலை வெறும் மாவில் ஒரு சின்னக் கோலம் போட்டேன். ருக்ஸார் தன் வாசலில் நின்று பார்த்தாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இறக்கக் கூடாது, அதுதான் நியாயம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. நாளையும் என் வாசலில் கோலம் இருக்கும். குழந்தையோடு வருகிறவர்கள் முதலில் குனிந்து எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் உள்ளே வாருங்கள். வணக்கம்.