பூஜ்யம் என்றால் நலம்

இருந்தவர்கள்: டிஸ்கில் எழுதுவதற்கான கெர்னல் நிரலை (கணினியின் அடிமட்டத்தில் ஓடுவது) எழுதியவர், இன்றோடு வேலை போனவர். அவர் மனைவியின் தங்கை, பக்கத்து மேஜைக்காரி. அவரை வாசல் வரை கொண்டுபோய் விட வந்த காவலாளி.

— அந்தச் சைபரைப் போட்டது நான்தான் அத்தான்.

— அந்த டப்பாவை இப்படித் தள்ளு. கீபோர்டு என்னோடது.

— காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு.

— சார், கீபோர்டை எடுத்துட்டுப் போகச் சீட்டு வேணும்.

— வீட்லேருந்து கொண்டு வந்ததுய்யா. தேஞ்சு கிடக்கு பாரு, கம்பெனி இதையா குடுக்கும்?

— சரி, எடுங்க. தெரியாமத்தான் கேக்குறேன், ஒரு சைபருக்கா ஆளை அனுப்புறாங்க?

— டிஸ்க்ல எழுதச் சொன்னா, எழுதிட்டு என் நிரல் பதில் சொல்லணும். சைபர்னா எல்லாம் நலம். வேற எண்ணு வந்தா கோளாறு. டிஸ்க் நிறைஞ்சு போயி ஒண்ணும் எழுதல. ஆனா நலம்னு பதில் போயிருக்கு. அதை வாங்கிப் போட்ட ரத்தப் பரிசோதனைக் கூடத்துல அன்னிக்கு வந்த முடிவு மொத்தமும் காணோம்.

— அடப்பாவமே. மறுபடி ஊசியா?

— மறுபடி ஊசி. படுத்த படுக்கையா கிடக்கிறவங்களுக்கும்.

— நிரலை ஓட்டாமலே படிச்சுக் குத்தம் சொல்ற டூல் இருக்கே அத்தான், அது அந்த இடத்துல கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு வழியில போனா பதிலுக்கு மதிப்பே வைக்கலன்னு. வெளியீட்டுக்கு முன்னாடி ஒரு வார்னிங்கூட இருக்கக் கூடாதுன்னு நம்ம மேனேஜர் பெரியவர் சொல்லிட்டாரு. பதிலோட மதிப்பை ஆரம்பத்துலயே சைபர்னு வச்சேன். வாயை மூடிக்கிச்சு.

— அது சொன்னது சரிதான். டிஸ்க் நிறைஞ்சா போற அந்த வழியில மதிப்பு வைக்க நான் மறந்துட்டேன். நீ என்னைக் கேட்டிருந்தா ரெண்டு வரில முடிஞ்சிருக்கும்.

— கேக்கத்தான் வந்தேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க.

— நல்ல மரியாதை.

— குத்திக் காட்டாதீங்க. அக்கா போன் பண்ணா எடுக்க முடியல. இந்த வேலையே நீங்க வாங்கிக் குடுத்தது.

— அது கிடக்கட்டும். அந்த வயரை எடு.

— நான் இப்பவே பெரியவர் அறைக்குப் போறேன். சைபர் என்னோடதுன்னு சொல்றேன். நீங்க வந்து உக்காருங்க.

— வேண்டாம்.

— தியாகி வேஷம் போடாதீங்க. உங்களுக்குப் பொருந்தல.

— சார், அட்டையைக் குடுத்துட்டு வாங்க. மேல கேப்பாங்க.

— இந்தா. நடக்கிறேன்யா, தள்ளாத.

— கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். ஏன் வேண்டாம்? சொல்லிட்டுப் போங்க.

— காலையிலயே சொல்லிட்டேன்.

— என்னத்த?

— உன் பேரை. நான் இல்ல, என் கொழுந்தியாதான்னு. அவரு கேக்கக்கூட இல்ல, நானா சொன்னேன். அதான் காலையிலேருந்து உன் மூஞ்சியைப் பாக்கல.

— அம்மா, கையை எடுங்க. பூட்டணும்.

— அவரு என்ன சொன்னாரு அத்தான்?

— தெரியும்னாரு. அந்தப் பொண்ணு இருக்கட்டும், அது மாதிரி வார்னிங்கை வேகமா காலி பண்ண ஆளில்லைன்னாரு. அவ கையை எடுத்துட்டா பாரு, நீ பூட்டுய்யா.