சுடுதளத்துப் புங்கங்கன்றுகள்

19.8.1968, திங்கட்கிழமை, காவல் நிலையத்தில் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது.

என் பெயர் யசோதா. வயது முப்பத்து நான்கு. கணவர் தர்மராஜ், தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. ஊரிகத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஆடு வளர்க்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். போலீசு கேசு என்று வந்தால் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று என் கணவர் தடுத்தார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

எங்கள் லைனுக்கும், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்கும் நடுவில் ராணுவத்தார் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம் உள்ளது. சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏறும், அன்று யாரும் உள்ளே போகக்கூடாது. மற்ற நாளில் நாங்கள் ஆடு மேய்க்கவும் விறகு ஒடிக்கவும் போவோம். கொடி ஏற்றும் காவல்காரர் பெயர் முனிரத்தினம். முன்பு அங்கிருந்த மேஜர் ஒருவர், மேட்டுத் தூசி எங்கள் பக்கம் வராதிருக்க, லைன் ஓரமாகப் புங்கங்கன்றுகள் வைக்கச் செய்தார். காற்றடி காலத்தில் அந்தத் தூசி எங்கள் சோற்றில் நறநறக்கும். மேஜர் மாற்றலாகிப் போனபின் கன்றுகளைக் கேட்பாரில்லை. பாதியை ஆடுகள் தின்றன. என் ஆடுகளும்தான் தின்றன.

அதன் பிறகு கொடி அடிக்கடி ஏறியது, ஆனால் வெடிச்சத்தம் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து ஒருநாள் உள்ளே போனேன். முனிரத்தினம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சுடுகிறார்களா என்று கேட்டேன். சிரித்தார். அதன் பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஆட்ட அந்தாண்ட பள்ளத்துல மேய்ச்சிக்கோ, புங்கம் பக்கம் மட்டும் வுடாத" என்றார். நானும் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல, மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய புல்லெல்லாம் என் ஆடுகளுக்கே கிடைத்தது. நிஜமாகச் சுடுகிற நாளில் ராணுவ லாரிகள் எங்கள் லைன் வழியாகப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கொடி ஏறியிருந்தது. லாரி வரவில்லை. அதனால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். சிப்பாய்கள் அன்று வேறு பக்கமாக நடந்தே வந்தது எனக்குத் தெரியாது, பள்ளத்தில் இருந்த நானும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சுட ஆரம்பித்ததும் ஒரு ஆடு மிரண்டு மேலே ஏறியது. கொடிமரத்தடியில் இருந்த முனிரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, கையை வீசிக் கத்திக்கொண்டு நேராக ஓடிவந்தார். ஆட்டைப் பிடிக்க எழ இருந்த என்னைக் கீழே தள்ளினார். அப்போது அவர் தொடையில் குண்டு பட்டது. அதன் பிறகு விசில் ஊதிச் சுடுவதை நிறுத்தினார்கள். சிப்பாய்கள் வருவதற்குள் நான் பள்ளத்து வழியாகவே வீட்டுக்கு ஓடிவிட்டேன். அவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

நேற்று அவர் மனைவி பார்வதம்மா குழாயடியில் அழுதுகொண்டிருந்தார். சுடும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் என்று அவரை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்களாம், அப்படி முனிரத்தினமே தன் வாயால் சொன்னாராம். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நீ அங்க வரவே இல்லம்மா. வீட்டுக்குப் போ, புள்ளைங்களப் பாரு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவரை யார் கேட்டார்கள்?

கன்றுகளைக் காக்கச் சுடாத நாளிலும் கொடி ஏற்றிய விஷயத்தைச் சொன்னால் அவருக்கும் கெடுதல் என்று தெரியும். அதை மறைத்தால் நான் ஏன் போனேன் என்று யாருக்கும் விளங்காது. கொடிமரத்திலிருந்து பள்ளம் வரை ஐயா ஒருதரம் நடந்து பார்க்க வேண்டும். வழியில் புங்கங்கன்றுகள் முறிந்து கிடக்கின்றன. அவை ஆடு கடித்தவை அல்ல. அவர் மிதித்துக்கொண்டு ஓடிவந்தவை. தண்ணீர் ஊற்றப் போன மனிதர் கன்றை மிதிக்க மாட்டார்.

இவை நான் கண்டதும் செய்ததும். படித்துக் காட்டினார்கள், கேட்டேன், மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) த. யசோதா