வில்ஃப்ரேதோவோட பிறந்தநாள்

இல்ல மிஸ், படிப்பு ஏறலன்னு நான் பள்ளிக்கூடத்துலருந்து நிக்கல. அப்படின்னு உங்க நோட்டுல எழுதாதீங்க. கணக்குல தொண்ணூத்தி நாலு வாங்கினவ நான். உக்காருங்க மொதல்ல. அம்மா, மிஸ்ஸுக்கு காபி! அந்தச் சம்புராதா பிஸ்கட்டைக் காபியில முக்கிச் சாப்பிடுங்க, அப்படியே கடிச்சா பல்லு போயிடும். எங்க ஊரு குவாத்தமாலால அது கல்லு மாதிரி இருந்தாத்தான் அதுக்கு மரியாதை.

ஆமா, மோட்டல்ல படுக்கை விரிக்கிறேன். ரூமுக்கு இருபது நிமிஷம். இன்னிக்கு லீவு போட்டுட்டேன். என்னது, எதிர்காலமா? அந்த வார்த்தையை எங்கதான் மொத்தமா வாங்கி வெச்சிருக்கீங்களோ. சரி சரி, அம்மா முறைக்கிறாங்க.

கேக்குறீங்க, சொல்லிடறேன். வெளிநாட்டுலருந்து வந்த பசங்களைக் காலேஜ் வரைக்கும் தள்ளிவிடற உங்க திட்டத்துல நாங்க பதினோரு பேரு. உதவித்தொகைக்குக் கட்டுரை எழுதச் சொன்னீங்க. நானும் கனவு, வானம், சிறகுன்னு ரெண்டு பக்கம் அளந்து விட்டேன். யூலிசா, இது யாரு வேணா எழுதுவாங்க, உன் வீட்டை எழுதுன்னீங்க.

எழுதினேன். எங்கப்பா பேரு ஃபெர்மின். ஆனா வேலை செய்யற கோழி பாக்டரிக்குள்ள ஒன்பது வருஷமா அவரு வில்ஃப்ரேதோ. இங்க வேலை பாக்க அனுமதி இருக்கற வேற யாரோ ஒருத்தரோட காகிதம், அவரோட பேரு, அவரோட பிறந்த தேதி. கடைத்தெருவுல வில்ஃப்ரேதோன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பாரு, எங்கம்மாவே அப்படித்தான் கூப்பிடும். மார்ச் மாசம் பாக்டரில பிறந்தநாள் கேக் குடுப்பாங்க. அப்பா பொறந்தது அக்டோபர்ல. வீட்டுக்குக் கொண்டாந்து, முகம் தெரியாத அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்னு சொல்லி வெட்டுவோம். அதைத்தான் எழுதினேன்.

படிச்சிட்டு அழுதீங்க. பேரை மட்டும் மாத்திடட்டுமா மிஸ்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? உண்மைதான் அழகுன்னீங்க.

தெரியாதுன்னு சொல்லாதீங்க. சரி, தெரியாமத்தான் இருந்திருக்கும். உதவித்தொகை குடுக்கறது அதே கோழி பாக்டரின்னு எனக்கும் அதை வாங்க விழா மேடை ஏறினப்பதான் தெரிஞ்சுது. அவங்க ஆபீஸ் அம்மா மைக்கைப் பிடிச்சு, என் கட்டுரையை நிறுத்தி நிறுத்தி வாசிச்சாங்க. கேக் இடம் வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா மட்டும் சிரிக்கல. அந்த வரியை ரெண்டாந்தடவை மனசுக்குள்ள படிச்சாங்க, உதடு அசைஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டும் நின்னேன். கைதட்டு நல்லா இருந்துச்சு மிஸ், அதை ஏன் மறைக்கணும்?

திங்கக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள அசல் காகிதம் கொண்டான்னாங்க. அதோட அவரு வேலைக்குப் போகல. வீட்டுக்கு யாராவது சம்பாதிக்கணும்ல? அதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவல. நல்லா எழுதியிருக்கேன்னு சொல்றாரு.

ஐயோ, எந்திரிக்காதீங்க! சரி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வர்றேன். குடுங்க, நீங்க கொண்டாந்த அந்தச் சேர்க்கைப் பேப்பரை. ஒவ்வொரு வரியா படிச்சு, மெதுவாத்தான் கையெழுத்துப் போடுவேன். ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பாதீங்க. எதிர்ல ஒரு கறுப்பு வண்டி, காலைல ஏழு மணிலருந்து நிக்குது. உள்ள ரெண்டு பேரு, காகிதம் இல்லாதவங்களைப் பிடிச்சு நாடு கடத்தற ஆபீசருங்க. மத்தியானம் ஒருத்தன் கதவைத் தொறந்து காலைக் கீழ வெச்சான். அப்பதான் பள்ளிக்கூடப் பேரு போட்ட உங்க காரு வந்து நின்னுச்சு. காலை உள்ள இழுத்துக்கிட்டான். அப்பா பின்னாடி குளியலறையில இருக்காரு. வக்கீல் நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டாவது உக்காந்திருங்க மிஸ்.