பேசாமேட்டில் உறங்கிய வில்

பெயர் செங்கோடன். குலத்தொழில் வில்வேலை. வயது நாற்பத்தொன்பது நிறைந்து ஐம்பது நடந்துகொண்டிருந்தது. அவர் பெயரையும் வயதையும் நின்றபடி சொன்ன பிறகே இந்தக் கதைக்குள் நுழைய வேண்டும் என்பது ஓடையூர் மரியாதை. சொல்லியாயிற்று, இனி உட்காரலாம்.

வெகுகாலத்துக்கு முன்னர், மேகம் இறங்கி வந்து மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்ளும் மலையடிவாரத்தில், அந்த ஓடையூர் இருந்ததாம். மேலைக்குடி, கீழைக்குடி என்று குடியிருப்பு இரண்டு. வேட்டைக்கார சாமி ஒன்று. விஜயதசமிதோறும் நடுவிலுள்ள மேட்டில் நின்று, சாமியின் வில்லால் ஓர் அம்பை வானத்தில் எய்வார்கள்.

ஓர் ஆண்டு, இழுத்த இழுப்பில் வில் முறிந்தது. கீழைக்குடிச் சடச்சி மரத்தில் ஒரே கட்டையாகச் செதுக்கிய வில் அது.

"உங்க கட்டைக்கு அவ்வளவுதான் மூச்சு!" என்றாராம் மேலைக்குடித் தலைவர் பெரியண்ணன்.

"இழுத்தது உங்க கைதானேய்யா? சாமி வில்லா, கிணத்துக் கயிறா?" என்றாராம் கீழைக்குடித் தலைவர் முத்துக்கருப்பன்.

பேச்சு முற்றியது. எதிர்க்குடி மண்ணை மிதிப்பதில்லை என்று இரு குடியாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். மேட்டின் குறுக்கே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு வேலி எழுப்பினார்கள். அடுத்த விஜயதசமிக்கும் அம்பு பறக்காவிட்டால், சாமியையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொண்டு என்றைக்குமாகப் பிரிந்துவிடுவது என்று முடிவாயிற்று.

செங்கோடன் கீழைக்குடி. அவர் மனைவி பாவாயி, பெரியண்ணனின் தங்கை. அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று மேலைக்குடிக்குப் போயிருந்தவள், அங்கேயே சத்தியத்தில் சிக்கிக்கொண்டாள். ஊர் பிரிந்தால் அவள் அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. செங்கோடனுக்கு ஒரு கனவு வந்ததாம். கனவில் ஒரு வில், நிலா வெளிச்சத்தில் ஓடைபோல வளைந்து கிடந்தது. அருகில் போய்ப் பார்த்தால் அது ஒரு மரமல்ல, இரண்டு மரம். வெளிப்பக்கம் மூங்கில், உட்பக்கம் சடச்சி. ஒரே போர்வைக்குள் படுத்த இருவரைப்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இழுபட்டால் கிழியாதது மூங்கில். அமுங்கினால் நொறுங்காதது சடச்சி. விழித்தெழுந்தவர் நேரே வேலிக்குப் போய்ச் சீழ்க்கை அடித்தார். மூங்கில் வளர்வது மேலைக்குடியில் மட்டும். சீழ்க்கை கேட்டு வந்த பாவாயியிடம் ஒரு மூங்கில் பட்டை கேட்டார். நன்றாகக் காய்ந்த பட்டை ஒன்றை முள்ளுக்கு ஊடே நீட்டினாள்.

சடச்சியைச் சீவினார், மூங்கிலைச் சீவினார். வச்சிரப் பசையைக் காய்ச்சித் தடவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கயிறு சுற்றினார். பட்டை விலாங்குமீனாய் வழுக்கியது. நடுவிலிருந்து இரு முனைக்கும் இருவர் ஒரே நேரத்தில், ஒரே இழுப்பில் சுற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனை வைத்துச் சுற்றினார், வில் கோணிற்று. இத்தனை ஆண்டும் எந்த வேலையிலும் மறுமுனையைப் பிடித்த கை பாவாயியின் கை. விஜயதசமியோ நெருங்கிவிட்டது.

ஒருநாள் விடியற்பொழுதில், பசைச்சட்டியோடும் பட்டைகளோடும் மேட்டுக்குப் போய்ச் சீழ்க்கை அடித்தார்.

"பாவாயி, மண்ணைத்தானே மிதிக்கக் கூடாது? வில்லை நீட்டினா பிடிப்பியா?"

"நீட்டுங்க மாமா. பசை ஆறுறதுக்குள்ள பேச்சை முடிங்க."

வேலியின் குறுக்கே வில்லை நீட்டினார்கள். பாதி இந்த மண்ணின்மேல், பாதி அந்த மண்ணின்மேல். நடுப்பகுதியோ முள்ளுக்குள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இருவர் கையிலும் இரத்தம். அவர் இழுத்தால் அவள் இழுத்தாள். அவர் நிறுத்தினால் அவள் நிறுத்தினாள். முகம் பார்க்காமலே முனைவரை சுற்றி முடித்து, இரு முனைக்கும் கவட்டைக் கம்பு முட்டுக் கொடுத்தார்கள்.

செய்தி எட்டிப் பெரியண்ணன் தடியோடு ஓடி வந்தார். "யாரைக் கேட்டுடீ..."

"அண்ணா, மெதுவா! வில்லு தூங்குது. ஆடினா பட்டை வழுக்கிரும்."

பெரியண்ணனுக்குக் குரல் தானாகத் தாழ்ந்ததாம். "எப்ப எந்திரிக்கும்?" என்று கிசுகிசுத்தார்.

"பசை இறுகணும் மச்சான். ஈரம் படக் கூடாது" என்றார் செங்கோடன்.

ஈரம் படக் கூடாது என்று சொல்லி வாய் மூடவில்லை, மலையிலிருந்து மூடுபனி இறங்கிற்று. சேதி கேட்டு வந்திருந்த முத்துக்கருப்பன் ஒரு சட்டியில் கங்கு கொண்டுவந்து தம் பக்கம் வைத்தார்.

"ஒரு பாதி காஞ்சு மறு பாதி ஈரமா நின்னா வில்லு கோணிரும்" என்றார் செங்கோடன்.

முத்துக்கருப்பன் வேலிக்கு அப்பால் பார்த்தார். பெரியண்ணன் எழுந்து போய், தாமும் ஒரு சட்டிக் கங்கோடு வந்தார்.

அப்புறம் ஊரே வந்ததாம். பனிக்குள் இந்தப் பக்கம் ஒரு செம்புள்ளி, அந்தப் பக்கம் ஒரு செம்புள்ளி, நடுவில் உறங்கும் வில். அதை எழுப்பிவிடக் கூடாதே என்று எல்லார் பேச்சும் காற்றாயிற்று. கிசுகிசுத்துக்கொண்டு யாராலும் சண்டை போட முடியவில்லை.

"உங்க செவலை கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சு. காளைக்கன்னு."

"பால் இருக்கா?"

"உனக்கு ஒரு சொம்பு அனுப்பவா?"

பசை இறுகிற்று. வில்லை உருவினால் முள் கீறும். அரிவாள் வைத்தால் அதிரும். ஆகவே இரு பக்கத்தாரும் கையாலேயே முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்தார்கள். கடைசி முள்ளை எடுத்தபோது வில் வெளியே வந்தது. வேலி எங்கே என்று பார்த்தால் வேலி இல்லை. எந்த மண் எவருடையது என்று காட்டவும் கோடில்லை. அத்தனை பேர் மிதித்திருந்தார்கள். செங்கோடன் அங்கேயே உட்கார்ந்து, வில்லின் இரு பாதியும் ஒன்றுபோல வளையும்வரை அதைச் சுரண்டினார், எண்ணெய் பூசினார், மரல் நாரில் நாண் ஏற்றினார்.

விஜயதசமி விடிந்ததும் தலைவர்கள் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வில் முனகவில்லை. அம்பு பனிக்குள் போயிற்று. அது கீழே விழுந்த ஓசையை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பார்கள். அந்த அமைதியில் பாவாயி கணவரின் பசைச்சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழைக்குடிப் பாதையில் முன்னால் நடந்தாள். சத்தியத்தை ஒருவரும் நினைவூட்டவில்லை.

அதனால்தான் அந்த மேட்டுக்குப் பேசாமேடு என்று பெயர். இன்றும் அம்பு எய்யும் நாளில் இரு குடியாரும் ஆளுக்கொரு சட்டிக் கங்கு கொண்டுவந்து வைத்து, வாய்க்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். வழக்குத் தீர்ந்த அந்த நாள்: சௌமிய வருடம், புரட்டாசி மாதம் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை.